மேபலின் மூன்று புள்ளிகள்

மேபலைக் கொன்று, ஈரத்துண்டில் சுற்றி, அப்பாவின் படகுப் பலகைக்கு அடியில் ஒளித்துவிட்டுத்தான் பிரிச்சர்ட் வீட்டுக் கதவைத் தட்டினேன். கட்டைவிரலில் ஒட்டிய கறுப்புச் சேறு மட்டும் எவ்வளவு கழுவியும் போகவில்லை.

மேபல் எங்கள் வேவனி ஆற்றுக் கெண்டை. வயது இருபத்தாறு, எடை பதினாலு கிலோ, வாலருகே மூன்று கறுப்புப் புள்ளி. தூண்டில் கிளப் சுவரில் ராஜா படத்தைவிட அவள் படம்தான் பெரிது.

பிடிப்பார்கள், முத்தம் கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். மூன்று மாதத் தடை முடிந்து நாளைதான் தூண்டில் போடலாம். அவளுக்காக லண்டனிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

பிரிச்சர்ட் கிளப் செயலாளர். மீன் தோல் கெட்டுவிடும் என்று, அதை உலர்ந்த கையால் தொட்டதற்காகச் சொந்த மச்சானையே கிளப்பை விட்டு நீக்கியவர். அப்பா படகு வாடகைக்கு விடும் துறையும் கிளப்புக்குச் சொந்தம்.

"என்ன ஹேஸல், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"சார்... மேபல் செத்துப்போச்சு. நான்தான் இன்னிக்கே தூண்டில் போட்டேன். போட்டோ சரியா வரலன்னு தண்ணியில விடாமலே திரும்பத் திரும்ப எடுத்தேன்..."

"எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அதுல ஒண்ணாவது நல்லா வந்துச்சா?"

"இல்ல சார். என்னை நீக்கிடுங்க. அப்பாவை மட்டும் துறைய விட்டு அனுப்பிடாதீங்க."

அழுகையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். அவர் என் கட்டைவிரலையே வெறித்துப் பார்த்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"உங்கப்பாகிட்ட?"

"சத்தியமா இல்ல."

அவர் டீக்குத் தண்ணீர் வைத்தார். எங்கள் ஊரில் இழவென்றாலும் முதலில் டீதான். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, "வா" என்று கொல்லைப்புறக் கொட்டகைக்கு நடந்தார். மேபலைப் புதைக்க மண்வெட்டி எடுக்கத்தான் என்று நினைத்தேன்.

உள்ளே ஒரு பெரிய தொட்டி. மூடியைத் தூக்கினார். தண்ணீர் சளப்பென்று எழும்பியது. மேபல் அளவுக்கே ஒரு கெண்டை. வாலருகே ஒரு புள்ளிகூட இல்லை.

அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டியையும் தூரிகையையும் எடுத்து என் கையில் வைத்தார்.

"மூணு புள்ளி வை, கண்ணு. போன மேபலுக்கு நான் வச்ச மை மாதிரி இது கையில ஒட்டாது."