நாலு விரல் உயரம்

"மாப்ள, தட்டுது!"

மச்சான் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. படகின் அடி சேற்றை உரசுகிற சத்தம் இருக்கிறதே, அதை அவன் தூக்கத்தில்கூடக் கேட்டிருக்கிறான்.

நீர் வடிந்துகொண்டிருந்தது. அக்கரையில் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். நடுவில் இந்தப் பாழாய்ப்போன சேற்றுத் திட்டு.

"முன்னால போய் உக்காருங்க மச்சான், பின்பக்கம் லேசாகட்டும். பாத்து! அவளை இடிச்சிடாதீங்க!"

மனைவியின் அண்ணன் வாட்டசாட்டமான ஆள். கரையில் புலி, தண்ணீரில் எலி. நடுவில் விரித்த பாயையும் போர்வையையும் மிதிக்காமல், கழியைக் கட்டிப்பிடித்தபடி முன்னே தவழ்ந்தார்.

போன பிரசவத்தில் இதே திட்டில்தான் படகு நின்றது. நீர் ஏறும்வரை அவள் கதறினாள். அவன் சேற்றில் இறங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அக்கரை சேர்ந்தபோது பிள்ளை இல்லை.

அன்றிலிருந்து இந்தப் படகையே கட்டிக்கொண்டு அழுகிறான். பெட்ரோல் டேங்கைப் பின்னாலிருந்து முன்னால் மாற்றினான். பின்பலகையில் கட்டை வைத்து மோட்டாரை நாலு விரல் உயர்த்தினான். உயர்த்தினால் விசிறி சேற்றில் மாட்டாது. ஆனால் ஒரு விரல் கூடிப்போனாலும் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடித்து, சூடேறி, செத்துவிடும். கரணம் தப்பினால் மரணம்தான்.

மோட்டாரைக் குளிர்வித்து அதன் பக்கவாட்டில் பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீர் நூலாக இளைத்தது. விசிறி அலறியது.

நிறுத்தினால் போச்சு. முறுக்கினாலும் போச்சு.

வேகத்தைத் துளியூண்டு குறைத்தான். படகு கிளப்பிய அலை பின்னாலிருந்து வந்து சேர, பின்பக்கம் மெல்ல எழும்பி, விசிறி மறுபடி நீரைப் பிடித்தது. ஒரு உலுக்கல். ஒரு இழுவை. அப்புறம் அடியில் சத்தமே இல்லை.

ஆழம்!

மச்சான் கழியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது.

அக்கரையில் படகை நிறுத்திப் போர்வையை விலக்கினான். மணல் மூட்டைகள் வைத்தது வைத்தபடி கிடந்தன. அவள் சொன்ன எடைக்குத் தராசில் நிறுத்துக் கட்டிய மூட்டைகள். ஒத்திகையிலும் 'அவள்' என்றே சொல்ல வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். வாய் அலட்சியமானால் கையும் அலட்சியமாகும் என்பான்.

திரும்பும்போது திட்டு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே உரசியது.

வீட்டுத் துறையில் அவள் நின்றிருந்தாள். நாள் நெருங்கிய வயிறு. ஒரு கை தூணைப் பிடித்திருந்தது.

"தாண்டிட்டோம்டி!" என்று தூரத்திலிருந்தே கத்தினான்.

அவள் சிரிக்கவில்லை. "ஏங்க, நான் ஒரு எடை சொன்னேன்ல... அது கல்யாணத்துக்கு முன்னாடி பாத்தது."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "அடிப்பாவி, இதுலயுமா வெக்கம்? சரி விடு. இன்னும் ரெண்டு மூட்டை ஏத்தி ஓட்டிப் பாத்துடுறேன்."

அவள் தூணை விடவில்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"இருக்கற மூட்டையை இறக்குங்க," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் ஏறணும்."