கண்ணாடி சொன்ன பெயர்

காப்பகத்தில் நான் நம்பிய ஒரே ஆள் பக்கத்துக் கட்டில்காரன். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் எல்லோருக்கும் அவன் 'கண்ணாடி'. என் அப்பா பெயர்வரை அவனுக்குத் தெரியும்.

வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கிறோம் என்று ஒரு அதிகாரியம்மா பெயரெழுத வந்தார். கண்ணாடி என் காதைக் கடித்தான்.

"சொந்தப் பேரைச் சொல்லிடாதீங்கண்ணே. உங்க மகனுக்குப் போன் போட்டு, கூட்டிட்டுப் போகச் சொல்லிடுவாங்க."

"அவன்கிட்ட போறதுக்கு இந்தக் கட்டில்லயே சாகலாம்."

"அப்ப நான் சொல்ற பேரைச் சொல்லுங்க."

சொன்னேன். அதிகாரிகளை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா சாவிகளோடு வந்தார். முதலில் படித்ததே என் அசல் பெயர், அப்பா பெயரோடு. நான் எழுவதற்குள் கண்ணாடி போய்ச் சாவியை வாங்கிவிட்டான்.

"அது நான்தாம்மா," என்றேன்.

அவர் பட்டியலைப் புரட்டினார். "நீங்க கொடுத்த பேர் வேற தாத்தா. அந்தப் பேருக்கு முன்னாடியே வீடு கொடுத்து, அதையும் வித்துத் தின்னாச்சு. அதான் தள்ளிட்டோம்."

கண்ணாடி மூட்டையைத் தோளில் போட்டான்.

"என் பேரை நீங்களே வச்சுக்குங்கண்ணே," என்றான். "எனக்கு இனிமே அது வேண்டாம்."