எதிர் மரை

ஸ்பேனர் வலப்பக்கம் திரும்பியது.

முதல் தடவையே. காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த சோதனை அதிகாரி ஆறுச்சாமி, இடப்பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம் என்றுகூட நினைக்கவில்லை.

போல்ட் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்று வந்தது.

காரை ஓட்டியவன் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான்.

ஊரில் உள்ள போல்ட்டெல்லாம் இடப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது ஒன்று மட்டும் வேண்டுமென்றே போட்ட எதிர் மரை. தெரியாதவன் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்புவான். அது இன்னும் இறுகும். பழைய கார், துருவேறிக் கிடக்கிறது, உடைத்துவைத்தால் வம்பு என்று விட்டுவிடுவான். போன வருஷம் சோதிக்க வந்தவர் எண்ணெய் விட்டார், தட்டினார், கடைசியில் இவனிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவனும் நண்பன் தயாளனும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்.

இவன் யாரிடமும் சொல்லவில்லை.

தலையை நிமிர்த்தினான். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில் தயாளன் இருந்தான். கையில் டீ. இவன் கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில், கூரை மேலெல்லாம் எச்சத்தோடு கிடந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இது. இரண்டே இருக்கை. காசு இவன் போட்டான். ஆனால் கோவைக்குக் கட்டி இழுத்து வந்தது இருவரும். கழுவியது, பிரித்தது, அடியில் படுத்து முகமெல்லாம் கிரீஸ் வாங்கியது, எல்லாம் இருவரும். அவனுக்கு வங்கி வேலை. தயாளன் பல் டாக்டர். பல்லையே கடைகிறவனுக்கு இரும்பு எம்மாத்திரம் என்று பீற்றிக்கொள்வான். பீற்றிக்கொள்ளலாம்தான். அவ்வளவு நல்ல கை.

இந்த வருஷம் தயாளனும் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினான். அதே பந்தயப் பிரிவு.

இன்றைய பந்தயத்தில் இவன் முதலில் வந்தான். தயாளன் இரண்டாவது.

காலையில்கூட அவன் காரின் டயர்களில் காற்றுப் பார்த்துவிட்டுத்தான் தயாளன் தன் காருக்குப் போனான். இவன் நெகிழ்ந்து போயிருந்தான். மடையன்.

பரிசு கொடுக்க மேஜை போட்ட பிறகுதான், புகார் வந்திருக்கிறது, யார் என்று கேட்காதீர்கள் என்றார்கள்.

மூடித் தகட்டை எடுத்து ஓரமாக வைத்தார் ஆறுச்சாமி. டார்ச் அடித்தார்.

எஞ்சினுக்குப் பின்னால் சுழல்கிற கனத்த இரும்புச் சக்கரம், ஃப்ளைவீல். அதைக் கடைந்து எடையைக் குறைத்தால் கார் துள்ளிக்கொண்டு கிளம்பும். பழைய கார் பிரிவில் அதைத் தொடவே கூடாது. தொட்டிருந்தார்கள். தயாளனின் மாமனார் பட்டறை லேத்தில், கதவைச் சாத்திக்கொண்டு.

அவனுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. திருட்டுத்தனத்தில் கூட்டாக இருந்தவன் காட்டிக்கொடுத்தால் யாரிடம் போய் அழுவது?

வலித்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஆறுச்சாமி வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"கடைஞ்சிருக்கீங்க தம்பி."

"ஆமாங்க."

"பரிசும் போச்சு, ரெண்டு வருஷம் ட்ராக்குக்கும் வர முடியாதுங்க." மறுபடி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை போலும். "ஆனா வேலை என்னமோ அத்தனை சுத்தமுங்க. இப்படி ஒரு கடைசல் என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல. யாருங்க செஞ்சது?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் தயாளனின் முகம் மலர்ந்தது. தன்னையும் மீறி, ஒரு கணம். அப்புறம்தான் பயம் வந்து அதை மூடியது.

அவன் இரண்டையும் பார்த்தான்.

"கூட ஆள் இருந்தா சொல்லிப்போடுங்க. அவருக்கும் அதே ரெண்டு வருஷந்தான்."

பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து விழலாம். அந்தச் சேர்ந்து என்பதுதான் அவனுக்குக் கசந்தது. தயாளனோடு சேர்ந்து விழக்கூட இனி மனசில்லை.

"நான்தாங்க," என்றான். கயிறு வரைக்கும் கேட்கிற மாதிரி. "நானேதான் கடைஞ்சேன். வேற யாரும் கை வைக்கல."

ஆறுச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். தண்டனை கொடுத்த கையாலேயே தோளைத் தட்டினார். பிறகு மற்ற அதிகாரிகளைக் கூப்பிட்டார். கயிற்றை இறக்கிவிட்டு, பந்தயக்காரர்களையும் கூப்பிட்டார்.

"வாங்க, தம்பியோட வேலையைப் பாருங்க. தப்புதான். ஆனாலும் பாருங்க."

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். ஒருவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தயாளனும் வர வேண்டியிருந்தது. குனிந்தான். டார்ச் வெளிச்சத்தில் தன் கடைசலைப் பார்த்தான். முதன்முதலாகப் பார்க்கிறவனைப் போலப் பார்த்தான்.

"பாத்துக் கத்துக்கோங்க டாக்டர்," என்றார் ஆறுச்சாமி.

தயாளன் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

"கத்துக்கறேங்க," என்றான்.