பணிவின் பாதை இலவசம்

ப்ரனோம் இரண்டு கைகளாலும் புத்தகத்தை நீட்டியதும் நூடுல்ஸ் கடை லமாய்க்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. கரண்டியைப் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தலை குனிந்து வாங்கினாள்.

ப்ரனோமுக்கும் கண்ணீர்தான். ஆனால் அது ஜலதோஷம். கண் சிவந்து, தொண்டை கட்டி, கைக்குட்டையும் கையுமாகத் திரிந்துகொண்டிருந்தாள்.

"நம்ம பெரிய சாமியா!" அட்டையில் இருந்த பிக்குவின் படத்தைத் தடவினாள் லமாய்.

ப்ரனோம் தலையை ஆட்டினாள். "நாளைக்குக் காலைல கோயிலுக்கு வந்துடுங்கக்கா." அதற்கு மேல் குரல் எழும்பவில்லை.

"வராம இருப்பேனா? கடையை மூடிட்டு வரேன்." லமாய் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். "பின்னாடி சமையல் குறிப்பு போடலியா? எங்க வீட்டுக்காரர் காரியத்துக்குக் குடுத்த புத்தகத்துல வாத்துக் குழம்பு போட்டோம். ஊரே இன்னும் அதைத்தான் வெக்குது."

பெரிய சாமியின் சுயசரிதையில் வாத்துக்கு என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தாள் ப்ரனோம். தும்மல்தான் வந்தது.

பெரிய பிக்கு ஸங்வான் தன் கைப்பட எழுதிய ‘பணிவின் பாதை’ முந்தைய நாள்தான் லாரியில் வந்து இறங்கியிருந்தது. தலையணை கனம். பணிவைப் பற்றிய அத்தியாயம்தான் எல்லாவற்றிலும் நீளம். பக்கத்துக்குப் பக்கம் அவர் படம்.

எழுதாமல் என்ன செய்வார்? ஆற்றுக்கு அக்கரையில் ஓர் இளம் பிக்கு லாட்டரிக்கு எண் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து ராட்சபுரி சனம் முழுவதும் அங்கேதான். இங்கே மிஞ்சியது தொண்டர்களும் நாய்களும். நாளைக்குப் பெரிய பிக்குவின் பிறந்தநாள். மண்டபம் நிறைய வேண்டும் என்று உத்தரவு. தொண்டர்கள் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக, ஆளுக்கொரு புத்தகக் கட்டோடு தெருவில் இறங்கினார்கள். அதுதான் பணிவான நிறமாம்.

ப்ரனோமுக்கு இது மானப் பிரச்சினை. போன வருடம் விநியோகிக்கக் கொடுத்த நாட்காட்டிகளைக் கட்டுப் பிரிக்காமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்தவள் அவள். தொண்டர்களின் தலைவி விலாய் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "உனக்கு மனுஷங்க ஒத்து வராதுடி. நீ போய்ப் பாத்திரம் தேய்." வருடம் முழுக்கத் தேய்த்தாள். இந்த முறையும் கட்டு திரும்பினால் கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஆனால் நடந்ததோ வேறு. எதிர்ச் சாரியில் விலாய் வாய் திறப்பதற்குள், நன்கொடைதான் கேட்கப் போகிறாள் என்று ஜனம் சிதறி ஓடியது. ப்ரனோமிடம் வந்தவர்களோ கைகூப்பி வாங்கினார்கள்.

மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டும் தேச்சா வண்டியை நிறுத்தினான்.

"நல்ல மனுஷன்க்கா. எத்தனை வயசு?"

"எழுபத்தெட்டு," என்று கரகரத்தாள் ப்ரனோம்.

உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நேரே லாட்டரிக் கடைக்கு வண்டியை விட்டான்.

உச்சிவெயில் ஏறுவதற்குள் அவள் கட்டு காலி. பிறகு விலாயின் கட்டும் அவள் கையாலேயே போனது.

"அப்படி என்னடி சொல்லிக் குடுக்கற?" விலாய்க்கு வயிறு எரிந்தது.

"ஒண்ணும் சொல்லலக்கா. என்னால பேசவே முடியலையே!"

மறுநாள் காலையில் மண்டபத்தில் எள் போட இடமில்லை. ப்ரனோம் மேடைத் திரைக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தாள். தலை, தலை, எங்கும் தலை. கையில் வெள்ளைப் பூ. அங்கங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

பெரிய பிக்குவும் எட்டிப் பார்த்தார். "அக்கரைல இப்ப யாரு இருப்பா?"

"நாய்கூட இருக்காது சாமி," என்றாள் விலாய்.

"இதெல்லாம் யாரு கூப்பிட்டு வந்தவங்க?"

விலாய் வேண்டாவெறுப்பாக ப்ரனோம் பக்கம் கையைக் காட்டினாள்.

"இனிமே விநியோகத்துக்கு நீதாம்மா தலைவி," என்றார் ப்ரனோமிடம். "இன்னிக்கு எனக்கு முதல் படையலும் நீதான் வெக்கணும்."

ப்ரனோம் இந்த முறை நிஜமாகவே அழுதாள். பாத்திரம் தேய்த்த கையால் சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டாள்.

திரை விலகியது. பெரிய பிக்கு ஒரு கையை உயர்த்தி, புன்னகையோடு மேடைக்கு நடந்து வந்தார்.

"ஐயோ!" என்று அலறி லமாய் மயங்கி விழுந்தாள். முன்வரிசை எழுந்து பின்வரிசையின் மேல் சாய்ந்தது. பாதிப் பேர் வாசலைப் பார்த்து ஓடினார்கள்.

"பக்தி!" என்று விலாயிடம் முணுமுணுத்தார் பெரிய பிக்கு.

தேச்சா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். கை நிறைய எழுபத்தெட்டில் முடியும் லாட்டரிச் சீட்டுகள். அவற்றை ஒருமுறை பார்த்தான், மேடையை ஒருமுறை பார்த்தான். அவனுக்குத் தாங்கவில்லை.

"என்ன சாமி, சாகறதுக்கு முன்னாடியேவா புத்தகம் போட்டுட்டீங்க?"