பொட்டுக்காரி

"இதோட புள்ளிங்க நம்ம கைரேகை மாதிரி. ஒண்ணுக்கு இருக்கிறது இன்னொண்ணுக்கு இருக்காது" என்று சுவரில் ஒட்டியிருந்த திமிங்கலச் சுறாவின் படத்தைக் காட்டினாள் டீச்சர். செவுளுக்குப் பின்னால் வெள்ளைப் புள்ளிகள் பிறை போல் வளைந்திருந்தன. பிள்ளைகள் அதற்குப் பொட்டுக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

"கடிக்குமா டீச்சர்?"

கேட்டவள் கடைசி பெஞ்சுக்காரி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல் வருஷம் முழுக்க இருந்தவள்.

"பஸ் நீளம் இருக்கும். ஆனா பரம சாது. பக்கத்துல படகு வந்தாக்கூட விலகிப் போகாது."

"இப்ப எங்க இருக்கும்?"

டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வருஷா வருஷம் இந்த மாசம், கலங்கரை விளக்கத்துக்கு நேரே இருக்கிற பாறைத் திட்டுக்கு இரை தேடி வரும். எல்லாரும் இதை வீட்டுல போய்ச் சொல்லணும். அதுதான் வீட்டுப்பாடம்."

திங்கட்கிழமை கடைசி பெஞ்சுக்காரிதான் முதல் ஆளாக வந்தாள்.

"சொன்னேன் டீச்சர். அப்பா சாப்பாட்டுல கை வெச்சபடியே கேட்டாரு. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாரு. இதுக்கு முன்னாடி நான் பேசி அவர் காது குடுத்ததே இல்ல."

டீச்சருக்குக் கண் கலங்கியது.

"இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

கனமான பொட்டலத்தை டீச்சர் பிரித்தாள். தோலோடு வெட்டிய இறைச்சித் துண்டு. தோலில் பிறை போல் வளைந்த வெள்ளைப் புள்ளிகள்.

"படகு கிட்டப் போயும் அது நகரவே இல்லையாம். டீச்சர் சொன்னது அப்படியே சரின்னாரு அப்பா."