பூசணிக்கொடிக்கு வந்த பாதம்

ரெஜினா தன் தங்கையின் குழந்தைக்குப் போர்வை தைத்தாள். ஓரம் முடிந்ததும், நடுவில் பூசணிக்கொடி ஒன்று படர்வதுபோல் தைக்க ஆசைப்பட்டாள். ஆனால் தையல் மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் தட்டைப் பாதம் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. துணி சுருங்கி, முதல் இலையே கோணிப்போனது.

கோணிய தையலைப் பிரித்துவிட்டு, தட்டைப் பாதத்தைக் கழற்றி டப்பாவில் போட்டாள். துணியை அடியிலிருந்து இழுக்கும் பல்லைக் கீழே இறக்கிவிட்டு, டப்பாவில் கிடந்த ஸ்பிரிங் பாதத்தை எடுத்து மாட்டினாள்.

"குதிச்சுக்கிட்டே இருக்கிறவன் இவன். துணி கையை விட்டு ஓடிடும்," என்றது தட்டைப் பாதம்.

மிஷின் ஓடியது. ஸ்பிரிங் பாதம் எழும்பி எழும்பி இறங்கியது. எழும்பும்போதெல்லாம் ரெஜினா துணியைத் திருப்பினாள். கொடி வளைந்தது, சுருண்டது, ஒரு பூவைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. எங்கும் சுருக்கம் இல்லை.

தட்டைப் பாதம் கண் எடுக்காமல் பார்த்தது. "நீ பிடிக்கிறதே இல்லையா?"

"பிடிப்பேனே. ஊசி குத்துற நேரம் மட்டும். அப்பத்தான் துணிக்கு ஆள் வேணும்."

வேலை முடிந்து ஸ்பிரிங் பாதம் டப்பாவுக்குத் திரும்பியபோது, இத்தனை வருஷமாக யாருக்கும் அசையாத தட்டைப் பாதம் ஒதுங்கி இடம் விட்டது.