தலைதட்டி நாற்பத்தொன்று

"நாப்பத்தொண்ணு" என்று பையன் சொன்னதும், காபித் தட்டுடன் வந்த பெண்ணின் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வயதல்ல. பையனுக்கு இருபத்தெட்டுதான் ஆகிறது. இரண்டு மாதமாக வாசலை அடைத்துக்கொண்டிருந்த தோட்டத்து மண், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் எத்தனை நடையில் கொல்லைப்புறம் போய்ச்சேரும் என்பதுதான் கேள்வி.

அப்பா முப்பத்தொரு வருடம் எஸ்டிமேட் போடும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன கணக்கில் ஒரு செங்கல் கூடியதில்லை, குறைந்ததில்லை. மகளையும் கணக்குத் தப்பாதவனுக்குத்தான் கொடுப்பது என்று இருந்தார். முதலில் வந்தவன் குவியலைப் பார்த்து, சுமாராக முப்பது நாற்பது இருக்கும் என்றான். காபி ஆறுவதற்குள் அனுப்பிவைக்கப்பட்டான். அடுத்தவன் செல்போனை எடுத்துத் தட்டினான். அவனுக்குக் காபியே வரவில்லை.

மூன்றாவதாக வந்த இவன் கல்லூரியில் புள்ளியியல் விரிவுரையாளன். பெண் அதே கல்லூரியில் நூலகர். அந்த நூலகத்தில் புள்ளியியல் புத்தகங்கள் மட்டும் ஒரு வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்தன. இவனும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று பெண் முந்தின நாள் அம்மாவிடம் சமையலறையில் சொல்லியிருந்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் வெறும் திரைதான்.

"என் கணக்கு அம்பது," என்றார் அப்பா. "வண்டியைத் தலைதட்டித்தான் தள்ளணும். கூம்பு வச்சு ஏமாத்தற வேலை கூடாது. நாப்பத்தொண்ணுல முடிஞ்சா மேற்கொண்டு பேசலாம். முடியலைன்னா, வந்த வழி ஞாபகம் இருக்குல்ல தம்பி?"

பையன் இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வண்டி நிறையும்போதெல்லாம் ஒரு மரச்சட்டத்தால் மேல் மண்ணை வழித்துத் தள்ளினார். அப்புறம் நோட்டில் ஒரு கோடு போட்டார்.

மதியம், இருபத்தைந்து நடை முடிந்தபோது பாதி மண் அப்படியே இருந்தது. புள்ளியியல் படிக்காதவர்களுக்கும் விடை தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் பெண் எதையும் வாயில் வைக்காமல் தட்டில் கோலமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்தத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சாப்பிட்ட கையோடு மண் தள்ளினால் ஜீரணமாகாது, எல்லாரும் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள் என்றார். தான் மட்டும் வாசலில் மண்ணுக்குக் காவல் இருக்கப்போவதாகவும், இந்தக் காலத்துப் பசங்களை நம்ப முடியாது என்றும் சொன்னார்.

பையன் திரும்பி வந்தபோது குவியல் இளைத்திருந்தது. வெயிலில் ஈரம் வற்றினால் மண் சுருங்கும் என்று தனக்குத்தானே ஒரு தேற்றம் சொல்லிக்கொண்டான். ஷெட்டில் நின்ற கார்கூட காலையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தது. வெயில் தலைக்கேறிவிட்டது போலிருக்கிறது என்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

நாற்பத்தொன்றாவது நடைக்குத் துடைப்பத்தால் கூட்டித்தான் அள்ள வேண்டியிருந்தது. மரச்சட்டம் வழுக்கிக்கொண்டு போனது. தலைதட்டி நாற்பத்தொன்று. வாசலில் ஒரு பிடி மண் மிச்சமில்லை.

அப்பா நோட்டைத் திறந்து, தன் ஐம்பதுக்கு நேரே ‘பிழை’ என்று பென்சிலால் எழுதினார். முப்பத்தொரு வருடத்தில் முதல் பிழை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதது அவருக்காகவா பெண்ணுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

பையனுக்கு மட்டும் தேற்றம் உறுத்தியது. மண்ணை ஒளித்துவைத்தது நீதானே என்று பெண்ணின் காதில் கேட்டான். அவள் முழித்தாள்.

"நீங்கதான் ஏதோ செஞ்சீங்கன்னு நான் வாயைத் திறக்காம இருக்கேன்," என்றாள்.

அதற்குள் அம்மா புடவை மாற்றிக்கொண்டு தயாராக வந்து நின்றாள். "இவங்க அம்மா அப்பாவை இன்னைக்கே போய்ப் பார்த்துப் பேசிடலாம். காரை எடுங்க."

அப்பா அசையவில்லை. சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து, ‘பிழை’யைத் தடம் தெரியாமல் அழித்தார். ஓரமாக நிறுத்தியிருந்த தள்ளுவண்டியை மெதுவாகப் பையன் பக்கம் உருட்டிவிட்டார்.

"மாப்பிள்ளை, பாக்கி ஒம்பது நடை கார்ல இருக்கு."